மலைக்குளிரில் பச்சைக் குழந்தை

சுகப்பிரசவம். தாயும் சேயும் நலம். 48 மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, 102 வண்டியில் வீட்டுக்கும் வந்தாயிற்று. ஊட்டியை அடுத்த இத்தலார் போன்ற மலைக் கிராமங்களில் இதற்குப் பிறகுதான் கவனம் அதிகம் தேவை. காரணம், குளிர்.

பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வயிறு கதகதப்பாக இருந்து பாதம் மட்டும் சில்லிட்டிருந்தால், குழந்தைக்குக் குளிர்கிறது என்று அர்த்தம். சட்டையைக் கழற்றி, தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து, மேலே போர்த்துங்கள். பாலும் கொடுங்கள். தினமும் தலைக்கு ஊற்றியே ஆகவேண்டும் என்பதில்லை. வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துத் துடைத்தாலே போதும்.

உறைபனி இரவில் கதவு, ஜன்னலை அடைத்துவிட்டு அறைக்குள் கரி அடுப்பு வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அடுப்பு வெளியிலேயே இருக்கட்டும்.

பிரசவமான 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது அரசுத் திட்டம். எல்லோரும் குழந்தையைப் பற்றியே கேட்பார்கள். தாய்க்குக் காய்ச்சலோ, அதிக உதிரப்போக்கோ, விடாத தலைவலியோ இருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்கினாலோ, அணைத்தும் உடம்பு சூடாகவில்லை என்றாலோ, 'விடியட்டும்' என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மலைப்பாதையில் வண்டி வந்து சேரவே நேரம் பிடிக்கும்.