ஜூலை 23க்கு முன்னாடி ஒரு ரேட், அப்புறம் ஒரு ரேட்: பவர் பிஐ-யில் லுக்அப் சரியா போடுவது எப்படி?



ஆபீஸில் பவர் பிஐ-யில் சேல்ஸ் டேஷ்போர்டு செய்கிற பலர், அதே சாஃப்ட்வேரில் சொந்த மியூச்சுவல் ஃபண்ட் கணக்கையும் போட்டு வைக்கிறாங்க. நல்ல பழக்கம்தான். ஆனா உங்க ஃபார்முலாவுக்குள்ளே வரி விகிதத்தை 15% அல்லது 20% என்று நேரடியா எழுதியிருந்தா, 2024-25 நிதியாண்டுக்கு அந்த ரிப்போர்ட் தப்பான எண்ணைக் காட்ட நிறைய வாய்ப்பு இருக்கு. எந்த எரர் மெசேஜும் வராது. அதுதான் ஆபத்து.

என்ன நடந்தது?

2024 ஜூலை 23 அன்று மத்திய பட்ஜெட் தாக்கல் ஆனது. அன்றிலிருந்தே ஈக்விட்டி ஃபண்டுக்கான விகிதங்கள் மாறின. 12 மாதம் வரை வைத்திருந்து விற்றால் வரும் குறுகிய கால லாபத்துக்கு 15% இருந்தது, 20% ஆனது. 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அது நீண்ட கால லாபம். அதற்கு 10% இருந்தது, 12.5% ஆனது. அதாவது ஒரே நிதியாண்டுக்குள் இரண்டு ரேட். "எந்த வருஷம்?" என்று மட்டும் பார்த்து விகிதம் எடுத்தால் கணக்கு நிற்காது.

நகைக்கடை போர்டு மாதிரி யோசிங்க

திருச்சி பெரிய கடை வீதியில் நகை வாங்கப் போறீங்க. பில் போடுபவர் இரண்டு விஷயம் பார்ப்பார். ஒன்று, இன்னிக்கு என்ன தேதி? இரண்டு, இது 22 கேரட்டா, 18 கேரட்டா? தேதி வரிசையைச் சொல்லும், கேரட் நெடுவரிசையைச் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை புது ரேட் வரலைன்னா "இன்னிக்கு ரேட் இல்லை, நகை இலவசம்" என்று யாரும் சொல்ல மாட்டாங்க. கடைசியா வந்த ரேட்டை எடுத்துப் பில் போடுவாங்க.

நம்ம வரிக் கணக்கிலும் இதே வேலைதான். விற்ற தேதி வரிசையைச் சொல்லணும். குறுகியதா நீண்டதா என்பது நெடுவரிசையைச் சொல்லணும். ஆனா பவர் பிஐ-க்கு "கடைசியா வந்த ரேட்டை எடு" என்று நாம சொல்லிக் கொடுக்கலைன்னா, அது நிஜமாவே இலவசம்னு பில் போட்டுடும்!

ஒரு உதாரணம்

ஸ்ரீரங்கத்தில் வீடு, நவல்பட்டு ஐடி பார்க்கில் வேலை என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். சம்பளமே அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டிவிட்டது. 2024-25இல் அவர் ஈக்விட்டி ஃபண்ட் யூனிட்களை மூன்று முறை விற்றார்:

1. 2024 ஜனவரியில் வாங்கியது, 2024 ஜூன் 10 அன்று விற்றது. லாபம் ரூ.40,000.
2. 2024 ஜனவரியில் வாங்கியது, 2024 ஆகஸ்ட் 7 அன்று விற்றது. லாபம் ரூ.60,000.
3. 2022 பிப்ரவரியில் வாங்கியது, 2024 டிசம்பர் 5 அன்று விற்றது. லாபம் ரூ.1,65,000.

முதலாவது 15%, ரூ.6,000. இரண்டாவது 20%, ரூ.12,000. மூன்றாவது நீண்ட கால லாபம். அதில் ரூ.1,25,000 விலக்கு போக, மீதி ரூ.40,000க்கு 12.5%, அதாவது ரூ.5,000. மொத்தம் ரூ.23,000. 4% செஸ் சேர்த்தால் ரூ.23,920.

குறுகிய கால லாபம் எல்லாத்துக்கும் 20% என்று எழுதியிருந்தால், செஸ் உட்பட ரூ.2,080 கூடுதலாக வரும். 15% என்று எழுதியிருந்தால் ரூ.3,120 குறைவாக வரும். நீங்கள் விற்ற விவரம் வருமான வரித் துறையின் ஏஐஎஸ் அறிக்கையில் ஏற்கெனவே இருக்கும். குறைத்துக் கட்டினால் பின்னால் வட்டியோடு கேட்பாங்க.

படி 1: விகிதத்தைத் தனி டேபிளில் வையுங்கள்

"விகிதங்கள்" என்று ஒரு டேபிள், மூன்று நெடுவரிசைகள்: தொடக்க தேதி, வகை, விகிதம்.

1-4-2018, குறுகிய, 15%
1-4-2018, நீண்ட, 10%
23-7-2024, குறுகிய, 20%
23-7-2024, நீண்ட, 12.5%

"குறுகிய", "நீண்ட" இரண்டையும் தனித்தனி நெடுவரிசையா வைக்கலாமேன்னு தோணும். பவர் பிஐ-யின் லுக்அப்வேல்யூ ஃபங்ஷனில் எந்த நெடுவரிசையிலிருந்து விடை வேணும் என்பதை முன்பே குறிப்பிட்டாகணும். நெடுவரிசையின் பெயரை ஒரு வார்த்தையா அனுப்பி மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் தலைப்பையே ஒரு மதிப்பாக மாற்றி, "வகை" என்ற நெடுவரிசைக்குள் இறக்கிவிடுகிறோம். ஏற்கெனவே அகலமான டேபிள் வைத்திருந்தால், பவர் குவெரியில் தேதி நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து "அன்பிவட் அதர் காலம்ஸ்" கொடுங்க, வேலை முடிந்தது.

படி 2: வகையைக் கண்டுபிடியுங்கள்

விற்பனை டேபிளில் "வகை" என்று ஒரு கணக்கிட்ட நெடுவரிசை. ஈடேட் ஃபங்ஷனில் வாங்கிய தேதியோடு 12 மாதம் கூட்டுங்க. விற்ற தேதி அதைத் தாண்டினால் "நீண்ட", இல்லையென்றால் "குறுகிய". எஸ்ஐபி என்றால் ஒவ்வொரு தவணையும் தனி வரிசை. முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கணக்கு.

படி 3: பொருந்தும் தேதியைக் கண்டுபிடியுங்கள்

லுக்அப்வேல்யூ அச்சு அசலாகப் பொருந்துவதை மட்டும்தான் தேடும். ஆகஸ்ட் 7 என்ற தேதி நம்ம டேபிளில் இல்லை. உடனே அது காலி என்று விடை தரும், காலியைப் பெருக்கினாலும் காலிதான். மொத்தம் போடும்போது அந்த வரிசை சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும்.

அதனால் "பொருந்தும் தேதி" என்று இன்னொரு நெடுவரிசை. ஃபில்டர் ஃபங்ஷனில், தொடக்க தேதி விற்ற தேதிக்குச் சமமாகவோ முன்போ இருக்கும் வரிசைகளை மட்டும் எடுங்க. மேக்ஸ்எக்ஸ் கொடுத்து அவற்றில் கடைசி தேதியை எடுங்க. ஆகஸ்ட் 7க்கு 23-7-2024 வரும், ஜூன் 10க்கு 1-4-2018 வரும்.

படி 4: இப்போது லுக்அப்

லுக்அப்வேல்யூவில் விடையாக "விகிதம்". முதல் நிபந்தனை தொடக்க தேதி = பொருந்தும் தேதி. இரண்டாவது நிபந்தனை வகை = அந்த வரிசையின் வகை. இரண்டு டேபிளுக்கும் நடுவில் ரிலேஷன்ஷிப் தேவையில்லை. எக்செலில் செய்பவர்கள் எக்ஸ்லுக்அப்பில் மேட்ச் மோடு -1 கொடுத்தால் படி 3 தானாகவே நடந்துவிடும்.

மூன்று பொறிகள்

முதலாவது, தேதி வடிவம். சிஎஸ்வி ஃபைலில் 07/08/2024 என்று இருக்கு. நமக்கு அது ஆகஸ்ட் 7. சிஸ்டம் அமெரிக்க செட்டிங்கில் இருந்தால் அதை ஜூலை 8 என்று படிக்கும். 20% போய் 15% ஆகிவிடும், நம்ம உதாரணத்தில் ரூ.3,000 காணாமல் போகும். பவர் குவெரியில் டேட்டா டைப் மாற்றும்போது "யூசிங் லோகேல்" போய் இங்கிலீஷ் இந்தியா தேர்ந்தெடுங்க.

இரண்டாவது, 0 என்ற மாற்று விடை. லுக்அப்வேல்யூவின் கடைசியில், எதுவும் கிடைக்காவிட்டால் என்ன காட்டணும்னு கொடுக்கலாம். அங்கே 0 போடாதீங்க. ஒரே தேதி, ஒரே வகைக்கு இரண்டு வெவ்வேறு விகிதம் தவறுதலாக இருந்தால் பொதுவா எரர் வரும். மாற்று விடை கொடுத்துவிட்டால் அந்த எரரும் மறைஞ்சுடும்.

மூன்றாவது, விலக்குத் தொகை. ரூ.1 லட்சம் என்பது ரூ.1.25 லட்சம் ஆனது 2024-25 முழு ஆண்டுக்கும். அதாவது விகிதம் விற்ற தேதியைப் பார்க்கும், விலக்கு நிதியாண்டைப் பார்க்கும். இரண்டையும் ஒரே டேபிளில் திணிக்காதீங்க. விலக்கை ஒவ்வொரு வரிசையிலும் கழிக்கவும் கூடாது. வருடத்தின் மொத்த நீண்ட கால லாபத்தில் ஒரே ஒரு முறைதான்.

முடிவில் இதை மட்டும் சரிபாருங்க

விகிதம் காலியாக உள்ள வரிசைகளை ஃபில்டர் செய்யுங்க. ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஜூலை 22 அன்று ஒன்று, 23 அன்று ஒன்று என்று இரண்டு டம்மி விற்பனையைப் போட்டு, ரேட் மாறுதான்னு பாருங்க. பிறகு அவற்றை நீக்கிவிட்டு, கேம்ஸ், கேஃபின்டெக் தரும் மூலதன ஆதாய அறிக்கையோடு மொத்த லாபத்தை ஒப்பிடுங்க.

அடுத்த பட்ஜெட்டில் ரேட் மறுபடி மாறினால், விகிதங்கள் டேபிளில் புது வரிசை சேர்த்தால் போதும். ஃபார்முலாவைத் தொட வேண்டாம். பழைய வரிசையை அழிக்கவும் வேண்டாம், போன வருஷக் கணக்கு அதை நம்பித்தான் நிக்குது.

நாலு படிகளையும் ஸ்கிரீனில் செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு நம்ம சேனலில் வீடியோ இருக்கு. உங்க சொந்த ஸ்டேட்மென்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்க, அப்பதான் பிடிபடும்.