ஊர்த் தண்ணீருக்குப் பொறுப்பாளி யார்?



சில நாட்களுக்கு முன் ஒரு தாய்மார் கூட்டத்தில் வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டியம்மா எழுந்தார். “சார், அதெல்லாம் இருக்கட்டும். ரெண்டு நாளா குழாய்த் தண்ணியில மருந்து வாடை அடிக்குது. வாயில வைக்க முடியல. ஆபீசுல சொல்லி அந்த மருந்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க” என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் “ஆமாம், ஆமாம்” என்று தலையாட்டினார்கள்.

“அம்மா, அந்த வாடைதான் உங்க பேரனுக்குக் காவல்” என்றேன். அவர் நம்பவில்லை. பிறகு ஓர் ஊரின் கதையைச் சொன்னேன். கூட்டம் அமைதியாகிவிட்டது. அந்தக் கதையையும், அதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியதையும் இங்கே எழுதுகிறேன்.

துறையின் வேலை என்ன?

ஊருக்குள் நல்ல தண்ணீரைக் கொண்டுவர வேண்டும். கெட்ட தண்ணீரை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். குடிநீர், கழிவுநீர்த் துறையின் வேலை இவ்வளவுதான். சொல்வதற்குச் சுலபம். ஆனால் இந்த இரண்டு தண்ணீரும் மண்ணுக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஒன்று மற்றொன்றோடு சேராமல் இரவும் பகலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய நகரத்தில் இதற்கென்றே தனி வாரியம் இருக்கும். சென்னையில் 1978இல் அப்படி ஒரு வாரியம் அமைக்கப்பட்டது. நகராட்சியில் பொறியாளர் பொறுப்பு. சிற்றூரில் டேங்க் ஆபரேட்டர் ஒருவரே எல்லாமுமாக இருப்பார். பதவி பெரியதோ சின்னதோ, பொறுப்பு ஒன்றுதான்.

வாக்கர்ட்டன் ஊரில் நடந்தது

கனடா நாட்டில் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்று ஒரு சின்ன ஊர். சுமார் 5,000 பேர் வசிக்கும் விவசாய ஊர். கிணறுகளிலிருந்து தண்ணீர் எடுத்து, குளோரின் கலந்து, குழாய் வழியாக வீடுகளுக்குக் கொடுத்து வந்தார்கள். இதற்குப் பொறுப்பான மேலாளர் சிறு வயதிலேயே அங்கே வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்தவர். அனுபவத்தை வைத்தே அவருக்கு உரிமம் கொடுத்துவிட்டார்கள். கிருமிகளைப் பற்றிய முறையான பயிற்சி அவருக்குக் கிடைக்கவில்லை.

குளோரின் கலந்து 15 நிமிஷம் கழித்து, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரினாவது தண்ணீரில் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஆனால் அங்குள்ளவர்கள் குறைவாகவே கலந்து வந்தார்கள். ஏன் தெரியுமா? “மருந்து வாடை அடிக்குது” என்று ஊர்க்காரர்கள் குறை சொன்னதும் ஒரு காரணம்! ‘நம்ம ஊர்க் கிணத்துத் தண்ணி சுத்தமான தண்ணி’ என்று மேலாளரும் நம்பினார். தாமே அதைக் குடித்தும் வந்தார். தினமும் அளந்து பார்க்காமலே பதிவேட்டில் 0.5 என்றும் 0.75 என்றும் எழுதி வைத்தார்கள். வருஷக்கணக்காக இப்படியே நடந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆகவே இதைத் தவறு என்றே யாரும் நினைக்கவில்லை.

2000ஆம் ஆண்டு மே மாதம் 8 முதல் 12ஆம் தேதி வரை பெருமழை பெய்தது. கிணறு ஒன்றின் பக்கத்திலிருந்த வயலில் மாட்டுச் சாண எரு போட்டிருந்தார்கள். அந்தக் கிணறு அதிக ஆழமில்லாதது. அடியில் பிளவுபட்ட பாறை. சாணத்திலிருந்த ஈ.கோலை ஓ157 என்ற கொடிய கிருமி மழைத் தண்ணீரோடு கிணற்றில் இறங்கியது. அதைக் கொல்லும் அளவுக்குத் தண்ணீரில் குளோரின் இல்லை.

மே 17ஆம் தேதி பரிசோதனைச் சாலையிலிருந்து மேலாளருக்கு முடிவு வந்தது: தண்ணீரில் ஈ.கோலை இருக்கிறது. அவர் அதைச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. மறுநாள் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் வாக்கர்ட்டன் குழந்தைகள் இருவர் இரத்தபேதியோடு சேர்க்கப்பட்டார்கள். குழந்தை மருத்துவருக்குச் சந்தேகம் வந்தது; 19ஆம் தேதி சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தார். அவர்கள் மேலாளரிடம், “தண்ணீர் எப்படி?” என்று கேட்டார்கள். “தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது” என்று பதில் வந்தது. அடுத்த நாளும் அதே பதில்தான். அதே நேரத்தில் அவர் குழாய்களைக் கழுவிவிட்டு, குளோரினை அதிகமாகக் கலந்துகொண்டிருந்தார். தாமே சரிசெய்துவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்பது எண்ணம்.

சுகாதார அலுவலர்கள் அந்தப் பதிலை நம்பிக் காத்திருக்கவில்லை. 21ஆம் தேதி, “தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்” என்று தாங்களே அறிவித்தார்கள். அவர்கள் எடுத்த தண்ணீர் மாதிரியில் கிருமி இருப்பது 23ஆம் தேதி உறுதியாயிற்று. அதற்குள் நிலைமை கைமீறிவிட்டது. 7 பேர் இறந்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள். 27 பேருக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும் கடுமையான நோய் வந்தது; இது குழந்தைகளையே அதிகம் பிடிக்கும் நோய். அந்த ஊர் மக்கள் டிசம்பர் மாதம் வரை தண்ணீரைக் காய்ச்சியே குடிக்க வேண்டியதாயிற்று.

நீதிபதி சொன்னது

நீதிபதி டென்னிஸ் ஓ’கானர் தலைமையில் விசாரணை நடந்தது. 2002இல் அறிக்கை வெளிவந்தது. கிணற்றில் குளோரின் அளவையும் கலங்கலையும் இடைவிடாமல் காட்டும் கருவி இருந்திருந்தால் இந்தக் கேடு தடுக்கப்பட்டிருக்கும் என்றார் அவர். மே 19ஆம் தேதியே உண்மையைச் சொல்லி மக்களை எச்சரித்திருந்தால் 300 முதல் 400 பேர் வரை நோயிலிருந்து தப்பியிருப்பார்கள் என்றும் சொன்னார். எருப் போட்ட விவசாயியின் மேல் குற்றமில்லை என்றார். பரிசோதனைச் சாலைகள் கெட்ட முடிவைச் சுகாதார அலுவலகத்துக்கும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று விதி செய்யாமல் விட்டது, சரியாக மேற்பார்வை செய்யாதது ஆகிய அரசின் குறைகளையும் எடுத்துக் காட்டினார். மேலாளருக்கு 2004இல் ஓராண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

அந்த மேலாளர் ஊரைக் கெடுக்க நினைத்தவர் அல்ல. நம்மைப் போன்ற சாதாரண மனிதர்தான். ‘எப்பவும் போல இருக்கும்’ என்ற அலட்சியமும், ‘தப்பு வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்’ என்ற பயமும் சேர்ந்தன. அவ்வளவுதான்.

நல்ல தலைமை என்பது என்ன?

பாட்டியம்மா கேட்டார்: “அப்போ நல்ல ஆபீசர்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?” நான் சொன்ன பதில் இது:

1. பதிவேட்டில் அளந்ததை மட்டும் எழுதச் சொல்பவர். ‘நல்ல நம்பர்’ கேட்காதவர். குறைந்த அளவை எழுதிய ஊழியரைத் திட்டினால், மறுநாள் அவர் பொய்தான் எழுதுவார்.

2. கெட்ட செய்தியை அன்றைக்கே சுகாதாரத் துறைக்கும் மக்களுக்கும் சொல்பவர். வீண் பயம் கிளப்பியதாக நாலு பேர் ஏசினாலும் பரவாயில்லை, பிள்ளை பிழைக்கும்.

3. வால்வு திறப்பவர், பிட்டர், ஆபரேட்டர் எல்லோருக்கும் ‘எதற்காக இந்த மருந்து’ என்று புரிய வைப்பவர்.

4. உடைந்த குழாயை உடனே அடைப்பவர். பாதாளச் சாக்கடை அடைத்தால் இயந்திரத்தை அனுப்புபவர். மனிதனைக் குழிக்குள் இறக்காதவர். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் மனிதனை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கிறது.

நம் வீட்டுக் குழாய்

வாக்கர்ட்டனில் வந்தது மாட்டுச் சாணம். நம் பக்கம் பெரும்பாலும் மனிதக் கழிவு. எப்படி வருகிறது? நம் ஊர்களில் பல இடங்களில் தண்ணீர் சில மணி நேரம்தான் வருகிறது. மற்ற நேரம் குழாய் காலியாக இருக்கும். அப்போது குழாயில் ஓர் ஓட்டை இருந்து, பக்கத்தில் சாக்கடையும் கசிந்தால், அந்த அழுக்கு உள்ளே போய்விடும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம். நம் வீட்டு மோட்டார் தெரு முழுவதற்கும் சாக்கடையை இழுத்துக் கொடுக்கும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

• தெருக்குழாயில் மோட்டார் வைக்காதீர்கள்.

• தண்ணீர் கலங்கலாக வந்தாலும், நாற்றம் அடித்தாலும், தெருவில் குழாய் கசிந்தாலும் உடனே ஆபீசில் எழுதிக் கொடுங்கள். அன்றைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள்.

• “எங்க தெருக் கடைசிக் குழாயில குளோரின் எவ்வளவு?” என்று கேளுங்கள். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். குளோரோஸ்கோப் என்ற சின்னக் கருவி. தண்ணீரில் சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் காட்டும். இரண்டு நிமிஷ வேலை. உங்கள் எதிரிலேயே பார்க்கச் சொல்லலாம்.

• மருந்து வாடைக்காகக் குளோரினை நிறுத்தச் சொல்லாதீர்கள். சுத்தமான பாத்திரத்தில் மூடிச் சற்று நேரம் வைத்தால் வாடை குறைந்துவிடும்.

குழந்தைக்குப் பேதி கண்டால் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 6 சின்னக் கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மலத்தில் இரத்தம் கண்டால், கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்; உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். ஒரே தெருவில் இரண்டு, மூன்று பேருக்குப் பேதி என்றால் அன்றே சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். அன்று ஒரு மருத்துவர் சொன்ன சொல்தான் வாக்கர்ட்டன் சங்கதியை முதலில் வெளியே கொண்டுவந்தது.

கூட்டம் முடிந்து போகும்போது பாட்டியம்மா சொன்னார்: “சரி சார். வாடை அடிச்சா இனிமே திட்டல. வாடை அடிக்கலேன்னாத்தான் ஆபீசுக்குப் போவேன்.”

எல்லோரும் அப்படியே செய்வோம்.