வயிற்றில் இரட்டைக் குழந்தையா? 'கொடி ஒன்றா, இரண்டா?' என்று கேளுங்கள்!

அரியலூர்,

"வயிறு ஏன் இப்படி ஊதிப் போச்சு?" என்று கர்ப்பிணிப் பெண் கேட்டால், "ரெட்டைப் புள்ளைன்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். பல நேரம் அது சரிதான். ஆனால் சில நேரம், அந்தப் பேச்சை நம்பி வீட்டிலேயே இருந்தால் இரண்டு உயிரும் போய்விடும்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

தனிக்குடித்தனம், கூட்டுக்குடித்தனம்

இரட்டைக் குழந்தைகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் ஆளுக்கு ஒரு நஞ்சுக்கொடி. இது தனிக்குடித்தனம் மாதிரி. ஒருவர் பங்கில் மற்றவர் கை வைக்க முடியாது.

இன்னொரு வகையில் இரண்டு குழந்தைக்கும் ஒரே நஞ்சுக்கொடி. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து உண்டாகும் இரட்டையர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஜோடிகள் இப்படித்தான்.

இந்தக் கொடியில் இரண்டு குழந்தைகளின் ரத்தக் குழாய்களும் சேர்ந்திருக்கும். கொடுக்கல் வாங்கல் சமமாக இருந்தால் வம்பு இல்லை. ஆனால் இப்படிப்பட்ட 100 ஜோடிகளில் 10 முதல் 15 ஜோடிகளுக்குக் கணக்கு தவறிவிடுகிறது. ஒரு குழந்தையின் ரத்தம் மற்ற குழந்தைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

கொடுக்கும் குழந்தை இளைக்கும். அதைச் சுற்றியுள்ள பனிக்குட நீர் வற்றும். வாங்கும் குழந்தைக்கு ரத்தம் மிஞ்சிப்போய் இதயம் திணறும். அதன் பனிக்குடத்தில் நீர் பெருகும். தாயின் வயிறு சில நாட்களிலேயே ஊதுவதும், மூச்சு வாங்குவதும் இதனால்தான்.

"ஒண்ணாவது கொழுத்து பிழைச்சுக்கும்" என்று நினைத்தால் தவறு. முற்றிய நிலையில் சும்மா விட்டால் பெரும்பாலும் இரண்டுமே பிழைப்பதில்லை.

லேசர் சிகிச்சை

இதற்கு வழி இருக்கிறது. தாயின் வயிற்றில் சிறு துளை போட்டு, மெல்லிய கருவியை கர்ப்பப்பைக்குள் செலுத்தி, இரண்டு குழந்தைகளையும் இணைக்கும் ரத்தக் குழாய்களை டாக்டர்கள் லேசர் கதிரால் அடைத்துவிடுகிறார்கள். கூட்டுக்குடித்தனம் அதோடு பாகப்பிரிவினை ஆகிவிடும்.

142 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2004-ம் ஆண்டு வெளியானது. லேசர் சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 76 பேருக்கு ஒரு குழந்தையாவது பிழைத்தது. நீரை மட்டும் உறிஞ்சி எடுத்த முறையில் 56 பேருக்குத்தான் அப்படி.

ஆனால் இந்த சிகிச்சைக்குக் காலக்கெடு உண்டு. பெரும்பாலும் 16-வது வாரத்தில் இருந்து 26-வது வாரத்துக்குள் செய்தாக வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. பெருநகரங்களில் சில இடங்களில்தான் உண்டு. அரியலூரில் இருந்து சென்னை 260 கிலோமீட்டருக்கு மேல். வயிறு ஊதிய பிறகு விசாரிக்கத் தொடங்கினால் நாள் போய்விடும்.

என்ன செய்ய வேண்டும்?

நாள் தள்ளிப்போனதுமே கிராம நர்சிடம் பதிவு செய்ய வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவித் திட்டத்துக்கும் 12 வாரத்துக்குள் பதிவது அவசியம். மாதந்தோறும் 9-ந் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவச சிறப்புப் பரிசோதனை உண்டு. இது 2016-ல் தொடங்கிய திட்டம். அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. முதல் படிக்கு வெளியூர் ஓட வேண்டியதில்லை.

11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் முக்கியம். கொடி ஒன்றா, இரண்டா என்பது அப்போது தெளிவாகத் தெரியும். நாள் ஆக ஆக கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஒரே கொடி என்றால் 16-வது வாரத்தில் இருந்து 15 நாளுக்கு ஒரு ஸ்கேன் தேவை. முந்திரித் தோப்பு வேலை, சிமெண்டு ஆலை ஷிப்டு என்று "அடுத்த மாசம் போய்க்கலாம்" எனத் தள்ளிப்போடக் கூடாது. இடையில் வயிறு திடீரென பெருத்தாலோ, மூச்சு திணறினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவசரம் என்றால் 108-க்குப் போன் போடலாம்.

ஸ்கேன் அறையில் "ஆணா, பெண்ணா?" என்று கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம். 1994-ம் ஆண்டு சட்டம் அப்படி. அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு.

"டாக்டர், கொடி ஒண்ணா, ரெண்டா?"