வெங்காயத்தின் உறவு எது? பெயரும் மரபணுவும் சொல்லும் வெவ்வேறு கதை

தாணே: மழைக்காலத் தொடக்கத்தில் தாணேயின் யேவூர் மலைக்காடுகளில் வெண்ணிறத்தில் பூக்கும் வன லில்லி, சமையலறை வெங்காயத்தின் உறவுத் தாவரம் ஆகும். பெயரில் வெங்காயத்தைத் தாங்கிய நரிவெங்காயமோ வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.

பூவின் அமைப்பை அடிப்படையாகக் கொண்ட பழைய வகைப்பாட்டில் வெங்காயமும் நரிவெங்காயமும் லிலியேசி என்ற ஒரே குடும்பத்தில் இருந்தன. சூலகம் இதழ்களுக்குக் கீழே அமைந்திருந்ததால் வன லில்லி அமரில்லிடேசியில் வைக்கப்பட்டது.

மரபணு ஒப்பீட்டின் அடிப்படையில், ஏபிஜி எனப்படும் சர்வதேச தாவரவியலாளர் குழு 2009-இல் வெளியிட்ட வகைப்பாடு, வெங்காயத்தை அமரில்லிடேசியிலும் நரிவெங்காயத்தை அஸ்பராகேசியிலும் சேர்த்தது.

எனினும், உறவுத் தாவரம் என்பதால் உண்ணத் தகுந்தது என்று பொருளல்ல. வன லில்லி இனத்தின் குமிழங்களில் நச்சு ஆல்கலாய்டுகள் உள்ளன. நரிவெங்காயத்தில் இதயத்துடிப்பைப் பாதிக்கும் வேதிப்பொருள்கள் உள்ளன. எனவே, காட்டில் கிடைக்கும் குமிழங்களை வெங்காயம் எனக் கருதி உண்பது உயிருக்கு ஆபத்தாகலாம்.