வார்ப்பில் ஓட்டையா? ஊற்றும் முன்பே காட்டிக்கொடுக்கும் கம்ப்யூட்டர்!

கோவை: பம்புசெட்டுக்குப் பேர்போன கோவையில், பவுண்டரிக்காரர்களின் தூக்கத்தைக் கெடுப்பது வார்ப்புக்குள் விழும் ஓட்டை. சுமார் 1,400 டிகிரி சூட்டில் ஊற்றும் இரும்புக் குழம்பு ஆறும்போது சுருங்கும். பம்ப் பாடியின் மெல்லிய பக்கம் முதலில் இறுகிவிடும். தடித்த இடம் கடைசியில்தான் ஆறும். அதற்குள் அங்கே குழம்பு போய்ச் சேரும் வழி அடைபட்டால், உள்ளே ஓட்டை! லேத்தில் ஏற்றிக் கடையும்போதுதான் வெளியே தெரியும். அப்புறமென்ன, மறுபடி உலைக்குத்தான். கரண்ட் காசும் கூலியும் போச்சு!

இதை முன்கூட்டியே காட்டுவதுதான் கோவை பவுண்டரிகளுக்கும் வந்துவிட்ட 'காஸ்டிங் சிமுலேஷன்' சாப்ட்வேர். மும்பை ஐ.ஐ.டி.யில் உருவான 'ஆட்டோகாஸ்ட்' இந்த ரகம். வார்ப்பைக் குட்டிக்குட்டிக் கட்டங்களாகப் பிரித்து, எது எப்போது ஆறும் என்று கணக்குப் போடும். கடைசியில் ஆறும் இடம் தெரிந்தால், கூடுதல் குழம்பு தரும் ரைசரை அங்கே வைத்துவிடலாம்.

ஆனால் அச்சு மண்ணில் ஈரம் கூடினால் விழும் ஓட்டை, இந்தச் சுருக்கக் கணக்கில் வராது. அதை மோல்டர்தான் மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்துச் சொல்லணும்.