விளையாட்டுத் திடலை யாரைக் கேட்டுக் கட்டுவது?

மாணவர்களே, உங்கள் தாமானில் விளையாட்டுத் திடல் கட்டுவதற்கு முன் யாராவது உங்களிடம் கருத்துக் கேட்டார்களா? பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார்கள். ஊஞ்சலின் உயரத்தையும் சறுக்குமரத்தின் இடத்தையும் முடிவுசெய்தவர்கள், அவற்றில் ஏறும் வயதைத் தாண்டியவர்கள்.

டென்மார்க்கில் ஒருவர் வேறுவிதமாக யோசித்தார். நிலவடிவமைப்பாளர் கார்ல் தியோடர் சோரன்சன், திடலைவிடக் கட்டுமான இடங்களிலேயே சிறுவர்கள் உற்சாகமாக விளையாடுவதைக் கவனித்தார். 1931இல் பழம்பொருள்களால் ஆன திடல் என்ற யோசனையை முன்வைத்தார். 1943இல், நாடு ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தபோது, கோப்பன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் அது உருவானது. அங்கே பலகை, செங்கல், மண், கருவிகள் இருந்தன. கட்டுவதும் இடிப்பதும் மறுபடி கட்டுவதும் சிறுவர்களின் வேலை. பொறுப்பாளராக ஒரு பெரியவர் உடன் இருந்தார். போருக்குப் பின் அதைப் பார்த்த லேடி ஆலன் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர், லண்டனில் குண்டு விழுந்த வெற்றிடங்களை இப்படிப் பயன்படுத்தலாம் என்று வலியுறுத்தினார்.

ஆபத்து இல்லையா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. இங்கே இயற்பியல் உதவும். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் விநாடிக்குச் சுமார் 6.3 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுவார். கடினமான தரையில் அவர் உடல் 1 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால், வேகத்தணிவு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சராசரியாக 200 மடங்கு. தளர்ந்த மணலில் 10 சென்டிமீட்டர் அமிழ்ந்து நின்றால் 20 மடங்குதான். விழும் உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்துப் பாருங்கள், கணக்கு வந்துவிடும். ஆகவே தரை எப்படி இருக்கவேண்டும் என்பதைப் பொறியாளர் சொல்லட்டும். எதில் ஏற ஆசை, எங்கே ஒளிய இடமில்லை, எப்போது நிழல் இல்லை என்பதைச் சிறுவர்கள்தாம் சொல்லமுடியும். பிற்பகல் 2 மணி வெயிலில் இரும்புச் சறுக்குமரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும்!

கேட்கும் விதமும் முக்கியம். “உனக்கு என்ன வேண்டும்?” என்றால், ஏற்கெனவே பார்த்த ஊஞ்சலைத்தான் வரைந்து தருவார்கள். திடலைச் சுற்றி அவர்களோடு நடந்து, “இங்கே என்ன செய்வாய்?” என்று கேட்பதே மேல் என்பது என் கருத்து.

1992இல் யுனிசெஃப் வெளியிட்ட கட்டுரையில் ரோஜர் ஹார்ட், சிறுவர் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். கீழ் 3 படிகள் பங்கேற்பே அல்ல என்றார்: சிறுவர்களைத் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்துவது, அலங்காரமாக நிறுத்துவது, பெயரளவுக்குக் கேட்பது. திறப்பு விழாவில் ரிப்பன் பிடிக்க மட்டும் அழைப்பது எந்தப் படி? நீங்களே சொல்லுங்கள். 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமை உடன்படிக்கை, தம்மைப் பற்றிய விஷயங்களில் கருத்துக் கூறும் உரிமையை 12ஆவது பிரிவிலும் விளையாடும் உரிமையை 31ஆவது பிரிவிலும் தருகிறது. மலேசியா 1995இல் அதில் இணைந்தது.

இந்த வாரம் நோட்டுப் புத்தகம், வெப்பமானி, அளவுநாடாவுடன் திடலுக்குச் செல்லுங்கள். காலை, நண்பகல், மாலை என மூன்று முறை இருக்கைகளின் வெப்பநிலையைக் குறியுங்கள். எதில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் விளையாடுகிறார்கள் என்றும் எண்ணுங்கள். அட்டவணை தயாரானதும் ஆசிரியரின் துணையோடு நகராண்மைக் கழகத்துக்கு அனுப்புங்கள்.