விளையாட்டு வழங்கியில் செயலிப் பொருத்தமின்மை

தனித்த விளையாட்டு வழங்கி என்பது பலர் இணைந்து ஆடும் விளையாட்டின் உலகை, ஆடுவோரின் கணினிகளைச் சாராமல் இயக்கும் மென்பொருள் ஆகும். அம்மென்பொருளில் உள்ள ஆணைகளை வழங்கிக் கணினியின் செயலி அறியாதபோது பொருத்தமின்மை ஏற்படுகிறது.

அறிகுறிகள்

லினக்சில் வழங்கி தொடங்கியவுடன் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்சன்" என்ற செய்தியுடன் நின்றுவிடும். வெளியேற்ற எண் பொதுவாக 132 ஆக இருக்கும் (128 + 4ஆம் குறிப்பலை). நினைவகப் பற்றாக்குறையால் இயங்குதளம் நிறுத்திய நிரல் 137 காட்டும். எனவே இவ்விரண்டையும் எண்ணைக் கொண்டே பிரித்தறியலாம்.

காரணங்கள்

* பழைய செயலி: ஏவிஎக்ஸ் ஆணைகள் 2011 இல் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ், ஏஎம்டியின் புல்டோசர் செயலிகளில் வந்தன. பின்னர் வெளியான பல பென்டியம், செலரான் செயலிகளிலும் இவை இல்லை.
* மெய்நிகர் இயந்திரம்: செயலி புதியதாயினும், கியூஇஎம்யு மென்பொருளின் இயல்பான செயலி மாதிரி ஏவிஎக்ஸை விருந்தினர் இயங்குதளத்துக்குக் காட்டாது.
* வேறு கட்டமைப்பு: எக்ஸ்86 செயலிக்கு உருவாக்கிய நிரல், ராசுபெரி பை போன்ற ஆர்ம் கணினிகளில் நேரடியாக இயங்காது.

தீர்வுகள்

"எல்எஸ்சிபியு" கட்டளை செயலியின் கட்டமைப்பையும் அது அறிந்த ஆணைத் தொகுதிகளையும் பட்டியலிடும். மெய்நிகர் இயந்திரமாயின் செயலி மாதிரியை "ஹோஸ்ட்" என மாற்றி, இயந்திரத்தை முழுமையாக நிறுத்தித் தொடங்க வேண்டும். ஆர்ம் கணினியில் பாக்ஸ்64 போன்ற மொழிமாற்றி உதவலாம், வேகம் குறையும். செயலியே பழையதாயின், அந்த ஆணைகளைக் கோராத பதிப்பையோ வேறு கணினியையோ நாட வேண்டும்.

அதே பதிப்பை மீண்டும் நிறுவுவதால் இக்குறை நீங்காது. மாறாக, படியெடுக்காமல் அழித்தால், ஆடுவோர் பல மாதங்களாக உருவாக்கிய உலகக் கோப்புகளே இழக்கப்படும்.